பெல்ஜியத்தில் பீர்ப் பட்டியலைப் பார்த்துத் திகைப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

லூவன் நகரத்துக்கு வேலைக்கு வந்த முதல் வாரம், ஒரு கஃபேயில் என் கையில் தடித்த பட்டியல் ஒன்றைக் கொடுத்தார்கள். பக்கம் பக்கமாகப் பீர்ப் பெயர்கள். பாதி டச்சு, பாதி பிரெஞ்சு. ஒன்றும் புரியாமல், பக்கத்து மேசைக்காரர் குடித்துக்கொண்டிருந்த கரிய பீரைக் காட்டி அதையே கேட்டேன். அதில் ஆல்கஹால் 11.3 சதவீதம் என்பது எனக்குத் தெரியாது. தாகத்துக்குக் குடிப்பதுபோல் இரண்டு பாட்டில்களைக் குடித்தேன்; மறுநாள் படுக்கையைவிட்டு எழ முடியவில்லை. அடுத்த மாதம் ஒரு கடையில் 24 பாட்டில் கொண்ட கலவைப் பெட்டி வாங்கினேன். பாதி பிடிக்கவில்லை. பிடித்தவற்றின் பெயரையும் குறித்துவைக்காததால் அவற்றை மறுபடி தேடி வாங்கவும் முடியவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து இப்போது ஒரு முறை கைவந்திருக்கிறது. பிடித்த பீரிலிருந்து ஒரே ஒரு குணத்தை மட்டும் மாற்றி அடுத்ததைத் தேர்ந்தெடுப்பதுதான் அந்த முறை. புதிதாக வருபவர்கள் என்னைப்போல் பணத்தையும் உடம்பையும் வீணாக்கவேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். குடிக்காதவர்களை இது குடிக்கச் சொல்லவில்லை. ஏற்கெனவே குடிப்பவர்கள் குறைவாகவும் தெரிந்தும் குடிக்கவே இது.

1. புறப்படும் முன்

அடையாள அட்டை எப்போதும் பையில் இருக்கட்டும். பெல்ஜியத்தில் பீர், வைன் வாங்கக் குறைந்தபட்ச வயது 16. வடித்த மதுவகைகளுக்கு 18. இளமையான முகம் உள்ளவர்களிடம் அட்டையைக் கேட்பார்கள். குடியிருப்பு அட்டை இன்னும் வராதவர்கள் பாஸ்போர்ட்டைக் கொண்டுபோங்கள்.

காரை எடுக்காதீர்கள். இங்கே ஓட்டுநருக்கான வரம்பு ஒரு லிட்டர் இரத்தத்துக்கு 0.5 கிராம். டிரிபெல் என்ற வலிமையான பொன்னிறப் பீர் ஒரு பாட்டில் குடித்தாலே பலர் அதைத் தொட்டுவிடக்கூடும். கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று முதலிலேயே பார்த்துவையுங்கள்.

வயிறு காலியாக உட்காராதீர்கள். பெரும்பாலான கஃபேக்களில் பாலாடைக்கட்டித் துண்டுகளைக் கடுகுக் கூழோடு ஒரு தட்டில் தருவார்கள், அது போதும். தண்ணீர் வேண்டுமென்றால் பெரும்பாலும் விலை கொடுத்து வாங்கவேண்டும். இலவசமாக வரும் என்று காத்திருக்காமல் கேட்டு வாங்குங்கள்.

2. பெயருக்கு முன் சதவீதத்தைப் பாருங்கள்

நான் மிகவும் அடிபட்ட இடம் இது. பட்டியலில் ஒவ்வொரு பெயரின் பக்கத்திலும் ஆல்கஹால் சதவீதம் இருக்கும். முதலில் கண் அங்கே போகவேண்டும்.

கணக்கு எளிது. 25 செண்டிலிட்டர் (250 மில்லிலிட்டர்) கோப்பையில் வரும் 5 சதவீத சாதாரண பில்ஸ் பீரில் ஏறக்குறைய 10 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 33 செண்டிலிட்டர் வெஸ்ட்மாலே டிரிபெல் (9.5 சதவீதம்) ஒன்றில் ஏறக்குறைய 25 கிராம். ரோஷ்ஃபோர் 10 என்ற 11.3 சதவீதக் கரிய பீர் என்றால் 29 கிராமைத் தாண்டும். அதாவது அந்த ஒரு சிறிய பாட்டில் மூன்று கோப்பை பில்ஸுக்குச் சமம். ஒரு வாரத்துக்கு 10 கிராம் அளவில் பத்துக் கோப்பைகளைத் தாண்டவேண்டாம் என்பதும், அதையும் பல நாட்களாகப் பிரித்துக்கொள்ளவேண்டும் என்பதும் பெல்ஜிய உயர் சுகாதாரக் குழுவின் அறிவுரை. இந்தக் கணக்கில் வாரத்துக்கு நான்கு டிரிபெல் என்பதே எல்லை. ஒரு மாலைக்கு அதிகபட்சம் இரண்டு, நடுவில் ஒரு மணி நேர இடைவெளி என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இதில் மூன்று பொறிகள் இருக்கின்றன.

நிறத்தை நம்பாதீர்கள். பொன்னிறமாக, லேசாகத் தெரியும் டூவெல் 8.5 சதவீதம். கரிய வெஸ்ட்மாலே டுபெல் அதைவிடக் குறைவு, 7 சதவீதம்தான்.

பெயரில் உள்ள எண்ணைச் சதவீதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ரோஷ்ஃபோர் 6 என்பது 7.5 சதவீதம், 8 என்பது 9.2, 10 என்பது 11.3. வெஸ்ட்ஃப்லேட்டரன் 12 என்பது 10.2. காய்ச்சும் தானியச் சாற்றின் அடர்த்தியை அளக்கும் பழைய முறையிலிருந்து வந்த எண்கள் இவை.

ஒரே பீருக்கு இரண்டு பெயர் இருக்கலாம். ஷிமே நீலம் (நீல லேபிள் உள்ள ஷிமே) 75 செண்டிலிட்டர் பெரிய பாட்டிலில் வரும்போது அதன் பெயர் கிராண்ட் ரெசெர்வ். சிவப்பு, பெரிய பாட்டிலில் பிரெமியேர். புதியது என்று நினைத்து இரண்டையும் வாங்கிவிட்டேன், நீங்கள் வாங்கவேண்டாம்.

3. 'டிராப்பிஸ்ட்' என்ற சொல் சுவையைச் சொல்லாது

டிராப்பிஸ்ட் என்றால் ஒரு சுவை என்று பலரும் நினைக்கிறார்கள். துறவிகளின் மேற்பார்வையில், மடத்தின் சுவருக்குள் அல்லது அதன் அருகிலேயே காய்ச்சப்பட்டது என்பதற்கான அடையாளம் மட்டுமே அது. பெல்ஜியத்தில் இப்போது அந்த அறுகோண முத்திரை உள்ளவை ஐந்து: வெஸ்ட்மாலே, வெஸ்ட்ஃப்லேட்டரன், ஷிமே, ரோஷ்ஃபோர், ஓர்வால். இந்த ஐந்தில் ஓர்வாலும் ரோஷ்ஃபோரும் வெந்நீரும் மோரும்போல வேறுபட்டவை. ஒன்று பிடித்திருப்பதால் மற்றதும் பிடிக்கும் என்று நினைத்துப் பெட்டியாக வாங்காதீர்கள்.

மடத்துப் பெயரோடு வரும் லெஃப், கிரிம்பெர்கன், அஃப்லிகெம் போன்றவை வணிக ஆலைகளில் காய்ச்சப்படுபவை. அதனால் மட்டமானவை என்று ஆகிவிடாது. வாட்டூ ஊரின் சின்ட் பெர்னார்டஸ் ஆப்ட் 12 எந்த மடத்திலும் காய்ச்சப்படுவதில்லை. நான் விரும்பிக் குடிக்கும் மூன்றில் அது ஒன்று.

4. உங்கள் நாக்கு எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

முதல் இரண்டு வாரங்களில் நான்கே நான்கு பீர்களைக் குடித்துப் பாருங்கள். நான்கும் பெரும்பாலான சூப்பர்மார்க்கெட்டுகளில் கிடைக்கும். ஒரே நாளில் அல்ல, நான்கு தனித்தனி மாலைகளில்.

முதலாவது ஹூகார்டன், 4.9 சதவீதம். கோதுமைப் பீர், கலங்கலாக இருக்கும். இதில் ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும் சேர்க்கிறார்கள். தனியா வறுக்கும் வாசனையை அறிந்த மூக்குக்கு முதல் மடக்கிலேயே அது பிடிபடும்.

இரண்டாவது டூவெல். உலர்ந்த சுவை, நிறைய நுரை, பேரிக்காய்போல் ஒரு மணம், முடிவில் கசப்பு.

மூன்றாவது வெஸ்ட்மாலே டுபெல். கருப்பட்டி, உலர்ந்த திராட்சை, லேசான தீய்ந்த வாசனை. கரும்பழுப்புச் சர்க்கரைப் பாகு இதற்கு நிறமும் மணமும் தருகிறது. நம் ஊர்க்காரர்களில் பெரும்பாலோருக்கு முதலில் பிடிப்பது இதுதான் என்பது என் அனுபவம்.

நான்காவது ரோடன்பாக், 5.2 சதவீதம். செந்நிறம், புளிப்பு. ரூசலாரா நகரில் பெரிய ஓக் மரத் தொட்டிகளில் முதிரவைத்த பீரை இளம்பீரோடு கலந்து செய்கிறார்கள். புளிப்போடு மரத்தின் துவர்ப்பும் வரும். நெல்லிக்காய் தின்று பழகியவர்கள் முகம் சுளிக்கமாட்டார்கள்.

ஒவ்வொன்றையும் குடித்த அன்றே மூன்று வரி எழுதுங்கள்: பெயர், சதவீதம், நாக்கில் முதலில் பட்டது, கடைசியில் நின்றது. அறுசுவைச் சொற்களே போதும். இனிப்பு, புளிப்பு, கசப்பு, துவர்ப்பு என்று நான்கு கட்டம் போட்டு ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு இவ்வளவு என்று எழுதிவைத்தால், மூன்று மாதம் கழித்துப் பார்க்கும்போது உங்கள் நாக்கின் போக்கு தெரியும். பாட்டிலின் முகப்பைக் கைப்பேசியில் படமெடுத்தால் மட்டும் போதாது. என்னிடம் இருநூறு படங்கள் இருந்தன. எது எப்படி இருந்தது என்று ஒன்றும் நினைவில்லை.

5. அடுத்தது எது? ஒரு படி மட்டும் நகருங்கள்

பிடித்த பீரிலிருந்து இனிப்பைக் கூட்டலாம், கசப்பைக் கூட்டலாம், வலிமையைக் கூட்டலாம், புளிப்பைக் கூட்டலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால், பிடிக்காமல் போகும்போது எதனால் பிடிக்கவில்லை என்று தெரியாது.

டுபெல் பிடித்தவர்கள் அடுத்து ரோஷ்ஃபோர் 8 அல்லது ஷிமே நீலம் (9 சதவீதம்) எடுங்கள். அதே கருப்பட்டிக் குடும்பம், வலிமை மட்டும் ஒரு படி மேல். அங்கே சில வாரங்கள் தங்கிவிட்டு ரோஷ்ஃபோர் 10, சின்ட் பெர்னார்டஸ் ஆப்ட் 12 பக்கம் போகலாம். இவற்றை ஓர் இரவு உணவுக்குப் பிறகு ஒரே கோப்பையாக, முக்கால் மணி நேரம் எடுத்துக் குடிக்கவேண்டும். நான் முதல் வாரத்தில் செய்த தவறு, இந்தப் பாதையின் கடைசிப் படியில் தொடங்கியது.

டூவெல் பிடித்தவர்களுக்கு வெஸ்ட்மாலே டிரிபெல். அதன் கசப்பு அதிகம் என்று பட்டால் டிரிபெல் கர்மலீட் (8.4 சதவீதம்): வாற்கோதுமை, கோதுமை, ஓட்ஸ் என்று மூன்று தானியம், அதனால் வழவழப்பும் இனிப்பும் கூடுதல்.

ஹூகார்டன் பிடித்தவர்கள் செசோன் டுப்போன் (6.5 சதவீதம்) எடுங்கள். ஏனோ மாகாணத்துப் பண்ணைப் பீர்; மிளகுபோல் ஒரு காரம், உலர்ந்த முடிவு. அதுவும் பிடித்துவிட்டால் அடுத்த படி ஓர்வால்.

ஓர்வாலைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்லவேண்டும். 6.2 சதவீதம், அடிப்பக்கம் அகன்ற தனி வடிவப் பாட்டில். கடைகளில் பரவலாகக் கிடைப்பது இந்த ஒரே ஓர்வால்தான். ஆனால் பாட்டிலுக்குள் பிரெட்டானோமைசெஸ் என்ற காட்டு ஈஸ்ட் வேலை செய்துகொண்டே இருப்பதால் அது மாதத்துக்கு மாதம் வேறாகிறது. புதிதாக இருக்கும்போது ஹாப்ஸ் பூவின் பச்சைக் கசப்பு முன்னால் நிற்கும். ஆறு மாதம் கழித்துக் கசப்பு தணிந்து, தோல், வைக்கோல் போன்ற ஒரு வாசனை எழும். ஓராண்டு தாண்டினால் இன்னும் உலர்ந்துபோகும். பாட்டிலில் அடைத்த தேதியை லேபிளிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். வாங்கும்போது அதைப் படியுங்கள். சில நல்ல கஃபேக்களில் இளம் ஓர்வால் வேண்டுமா, முதிர்ந்ததா என்றே கேட்பார்கள். 'ஓர்வால் எனக்குப் பிடிக்கவில்லை' என்று முடிவுகட்டும் முன் வேறு வயதில் ஒன்றைக் குடித்துப் பாருங்கள். நான் முதல்முறை பாதிக் கோப்பையோடு வைத்துவிட்டேன். ஒன்பது மாதம் பழைய ஒன்றைக் குடித்தபோதுதான் அதன் அருமை தெரிந்தது. இன்று என் அலமாரியில் ஆறு பாட்டில் தேதி எழுதி, நிற்கவைத்து, இருட்டில் காத்திருக்கின்றன.

6. புளிப்புப் பக்கம் போகிறவர்களுக்கு

ரோடன்பாக் பிடித்திருந்தால் ரோடன்பாக் கிராண்ட் க்ரூ (6 சதவீதம்), அதன்பிறகு இன்னும் புளிப்பான கூஸ். படி தாண்டி நேராகக் கூஸுக்குப் போனவர்கள் பலர் அதைக் கெட்டுப்போன பீர் என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

பிரஸ்ஸல்ஸைச் சுற்றியுள்ள சென்னே ஆற்றுப் பகுதியிலும் அதன் மேற்கே பாயோட்டன்லாண்ட் கிராமங்களிலும் லாம்பிக் காய்ச்சுகிறார்கள். ஈஸ்ட் சேர்ப்பதில்லை, கொதித்த சாற்றை அகன்ற, ஆழமில்லாத தொட்டியில் இரவு முழுக்க ஆறவைக்க, காற்றிலும் கட்டடத்திலும் உள்ள நுண்ணுயிர்கள் நொதிக்கச் செய்கின்றன. அதனால் குளிர் மாதங்களில் மட்டுமே காய்ச்சுவார்கள். ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டு வயதுள்ள லாம்பிக்குகளைக் கலந்து பாட்டிலில் மறுபடி நொதிக்கவிட்டால் கூஸ். லாம்பிக்கில் புளிப்புச் செர்ரியை ஊறவைத்தால் க்ரீக்.

இங்கே உள்ள பெரிய பொறி, சர்க்கரை. கூஸ், க்ரீக் என்று எழுதியிருந்தாலும் பல பாட்டில்கள் இனிப்பூட்டப்பட்டவை. லேபிளில் 'ஔடே' என்ற டச்சுச் சொல் ('பழைய' என்று பொருள்) முன்னால் இருக்கிறதா என்று பாருங்கள். ஔடே கூஸ், ஔடே க்ரீக் என்பவை ஐரோப்பிய ஒன்றியத்தில் பாதுகாக்கப்பட்ட பெயர்கள், இனிப்பூட்ட முடியாது. முதல் முறைக்கு லெம்பேக் ஊரின் போன் (Boon) ஆலையின் ஔடே கூஸ் நல்லது: புளிப்பு கடுமையாக இருக்காது, விலையும் குறைவு, சூப்பர்மார்க்கெட்டிலும் கிடைக்கும்.

பிறகு ஒரு சனிக்கிழமை பிரஸ்ஸல்ஸ் போய் கான்டியோனைப் பாருங்கள். ஆண்டர்லெக்ட் பகுதியில், மிடி ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவில் இருக்கிறது. 1900-இல் தொடங்கிய ஆலை, அருங்காட்சியகமாகவும் இயங்குகிறது. ஆறவைக்கும் செம்புத் தொட்டியைக் கண்ணால் பார்க்கலாம், நுழைவுச்சீட்டோடு சுவைக்கவும் தருவார்கள். திறந்திருக்கும் நாட்களை அவர்கள் இணையதளத்தில் பார்த்துவிட்டுப் போங்கள்.

7. எங்கே வாங்குவது, எவ்வளவு ஆகும்

நான் இங்கே வாங்கிவரும் விலைகள் இவை. ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். சூப்பர்மார்க்கெட்டில் 33 செண்டிலிட்டர் டிராப்பிஸ்ட் பாட்டில் ஏறக்குறைய 2 யூரோ. அதே பாட்டில் கஃபேயில் 4 முதல் 6 யூரோ. ஔடே கூஸ் 75 செண்டிலிட்டர் பாட்டில் கடையில் 7 முதல் 10 யூரோ.

பிரஸ்ஸல்ஸின் கிராண்ட் பிளாஸ் சதுக்கத்தைச் சுற்றிச் சுற்றுலாப் பயணிகளுக்கான கடைகள் பல. அங்கே ஒரு கடையில் சூப்பர்மார்க்கெட் விலையைப்போல் இரண்டரை மடங்கு கொடுத்திருக்கிறேன். அந்தப் பாட்டில் ஜன்னல் வெயிலில் நின்றது என்பதை வீட்டுக்கு வந்த பிறகே உணர்ந்தேன். வெளிச்சம் பட்ட பீரில் ஒருவித நாற்றம் ஏறிவிடும். ஜன்னலில் அலங்காரமாக நிற்கும் பாட்டிலை ஒருபோதும் வாங்காதீர்கள், உள்ளேயிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

டெபாசிட்டை மறக்காதீர்கள். பெரும்பாலான சிறிய பாட்டில்களுக்கு 10 சென்ட் சேர்த்து வாங்குவார்கள். 24 பாட்டில் பெட்டியாக எடுத்தால் பெட்டிக்கும் சேர்த்து 4.50 யூரோ. சூப்பர்மார்க்கெட் வாசலில் உள்ள இயந்திரத்தில் காலிப் பாட்டில்களைப் போட்டால் சீட்டு வரும். அதைப் பணம் செலுத்துமிடத்தில் கொடுத்தால் கழித்துக்கொள்வார்கள். சீட்டை அன்றே பயன்படுத்திவிடுங்கள். பையில் மடித்துவைத்துத் தொலைத்தவை எனக்குப் பல.

புதிதாக ஒன்றைச் சோதிக்கக் கஃபேதான் நல்லது. விலை கூடினாலும் சரியான குளிர்ச்சியில், அந்தப் பீருக்கே உரிய கோப்பையில் வரும். பிடித்துவிட்டால் கடையில் இரண்டு வாங்கிவையுங்கள். பெட்டியாக வாங்குவதை மூன்றாவது முறைக்குத் தள்ளிப்போடுங்கள்.

8. வீட்டில் ஊற்றும்போது

பாட்டிலை ஒரு நாள் முன்பே நிற்கவைத்தால் ஈஸ்ட் அடியில் படியும். கோப்பையைக் குளிர்ந்த நீரில் அலசி, சாய்த்து, ஒரே மூச்சில் மெல்ல ஊற்றி, கடைசி ஒரு விரற்கடையைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள். ஹூகார்டன் மட்டும் விலக்கு. அதன் கலங்கல் கோப்பைக்குள் வரவேண்டும். கரிய வலிமையான பீர்களை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்தபிறகு குடியுங்கள். 12 டிகிரியை ஒட்டித்தான் அவற்றின் மணம் விரியும். சில்லென்று குடித்தால் இனிப்பும் ஆல்கஹாலும் மட்டுமே தெரியும்.

9. வெஸ்ட்ஃப்லேட்டரன் வேண்டுமென்றால்

எல்லோரும் தேடும் பெயர். சின்ட் சிக்ஸ்டஸ் மடத்துத் துறவிகள் தங்கள் தேவைக்கு மேல் காய்ச்சுவதில்லை. நேரில் வாங்கும் வழி இது: மடத்தின் இணையதளத்தில் சொந்தப் பெயரில் பதிவுசெய்து, விற்பனை திறக்கும் நேரத்துக்குக் காத்திருந்து, பெட்டியாக முன்பதிவு செய்து, குறித்த நேரத்தில் நேரில் போய் எடுக்கவேண்டும். கடைசியாக வாங்கி நீண்ட நாள் ஆனவர்களுக்கு முன்னுரிமை உண்டு; எனவே முதல் முயற்சியில் கிடைக்காவிட்டால் மனம் தளரவேண்டாம். மறுவிற்பனை செய்யமாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் வாங்குகிறீர்கள். நகரக் கடைகளில் ஒரு பாட்டில் 15 யூரோவுக்குமேல் விற்பது அந்த வாக்கை மீறி வந்த சரக்கு. தயவுசெய்து அதை வாங்காதீர்கள்.

ஒரே ஒரு கோப்பை போதுமென்றால் மடத்துக்கு எதிரே உள்ள 'இன் டே ஃப்ரேடே' கஃபேக்குப் போங்கள். முன்பதிவுப் பெட்டி தேவையில்லை. பக்கத்து ரயில் நிலையம் போப்பரிங்கே, அங்கிருந்து மிதிவண்டியில் போகலாம். கஃபே வாரத்தில் சில நாட்கள் மூடியிருக்கும், விடுமுறைக் காலமும் உண்டு. பார்க்காமல் போய்ப் பூட்டிய கதவைக் கண்டு திரும்பினேன். அதே ஊர்ப்பக்கம்தான் சின்ட் பெர்னார்டஸின் வாட்டூவும். ஒரு நாள் ஒதுக்கினால் ஆப்ட் 12-ஐயும் வெஸ்ட்ஃப்லேட்டரன் 12-ஐயும் அடுத்தடுத்த வேளைகளில் ஒப்பிடலாம். எனக்கு அவ்வளவு பெரிய வேறுபாடு தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

10. ஊருக்கு எடுத்துச் செல்ல

இந்தியாவுக்குள் வரும் வயதுவந்த பயணி ஒருவர் வரியின்றிக் கொண்டுவரக்கூடிய மதுவின் அளவு 2 லிட்டர்; பீரும் அந்தக் கணக்கில்தான். 33 செண்டிலிட்டர் பாட்டில் ஆறு என்றால் 1.98 லிட்டர், வரம்புக்குள் சரியாக அடங்கும். 75 செண்டிலிட்டர் பாட்டில் என்றால் இரண்டுதான்.

கைப்பையில் கொண்டுபோக முடியாது; 100 மில்லிலிட்டர் விதியால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். பதிவுப் பெட்டியில்தான் வைக்கவேண்டும். ஒவ்வொரு பாட்டிலையும் முதலில் பிளாஸ்டிக் பையில் கட்டி, பிறகு தடித்த காலுறைக்குள் நுழைத்து, பெட்டியின் நடுவில் துணிகளுக்கிடையே வையுங்கள். ஆறு கண்ணாடிப் பாட்டில்கள் நான்கு கிலோவை நெருங்கும். அதை எடை வரம்பில் முன்கூட்டியே கழித்துக்கொள்ளுங்கள். கார்க் அடைத்த கூஸ் பாட்டில்களை நான் எடுத்துச் செல்வதில்லை. ஒருமுறை கோடையில் ஒன்றின் கார்க் வழியில் பிதுங்கி, அம்மாவுக்கு வாங்கிய புடவை முழுவதும் நனைந்துவிட்டது. உலோக மூடி போட்டவையாகப் பார்த்து எடுங்கள். வீட்டுக்குப் போனதும் இரண்டு நாள் நிற்கவைத்து ஈஸ்ட் படிந்த பிறகு திறங்கள்.